சண்முகக்கனியின் பின்பாட்டு

விசைத்தறி ஓடுகிற தெருவுக்கு வாக்கப்பட்டு வருகிறவளுக்குக் குரல் தொண்டையில் இருந்தால் போதாது, அடிவயிற்றில் இருக்க வேண்டும், அங்கிருந்து எக்கிக் கூப்பிட்டால்தான் பக்கத்தில் நிற்கிறவனுக்கே காது கேட்கும் என்பது பாப்பாங்குளம் நெசவாளர் காலனியில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. சண்முகக்கனிக்கு அந்தக் குரல் வாய்க்கவில்லை. காதோரம் கொசு போகிற மாதிரி ஒரு குரல், அதையும் பாதி வார்த்தையில் முழுங்கிவிடுவாள். "சோறு வச்சிட்டேன், வா..." என்று அவள் சொன்னால் புருஷன் அய்யாத்துரை தறியை நிறுத்தமாட்டான், மகள் கார்த்தீஸ்வரி புத்தகத்தை விட்டு நிமிரமாட்டாள், சோறு மட்டும் தன் பாட்டுக்கு ஆறிக்கொண்டிருக்கும். கடைசியில் அவளே போய் ஆளாளுக்குத் தோளைத் தொட்டுக் கூப்பிடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் பேசியதைவிடத் தோளைத் தொட்டதுதான் அதிகம்.

அந்தக் குடும்பத்தின் மொத்த வாயும் அய்யாத்துரையின் அக்கா பூரணத்தாயிடம் இருந்தது. தாய் செத்த வீட்டில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், தனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன பிறகும் அந்த இடுப்பிலிருந்து அவனை இறக்கிவிடவில்லை. அவன் என்ன சட்டை போட வேண்டும், தறியில் என்ன நிறப் பாவு நூல் ஏற்ற வேண்டும், மகளை எந்தக் காலேஜில் சேர்க்க வேண்டும், எல்லாம் அவள் சொல்லித்தான். அய்யாத்துரை நல்லவன்தான், குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது, அக்கா வாயெடுத்தால் மட்டும் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த அக்கா ஒரு நாள் வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, "வைகாசியில தட்டு மாத்திருவோம்டா. என் ஜெயமுருகனுக்குத்தான் கார்த்தீஸ்வரி. மாமன் மக இருக்கையில வெளியில எதுக்குத் தேடணும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள். தம்பி தலையை ஆட்டினான். கனியை யாரும் கேட்கவில்லை.

ஜெயமுருகன் தங்கமான பிள்ளை, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் பக்கம் என்று சின்ன வயசிலிருந்து மாமா வீட்டிலேயே கிடந்தவன். அவனும் கார்த்தீஸ்வரியும் ஒரே தட்டில் பழைய சோறு பிசைந்து தின்றவர்கள், ஒரே பாயில் உருண்டு முடியைப் பிடித்து அடித்துக்கொண்டவர்கள். சிக்கலே அதுதான். "அவனுக்கு அம்மை போட்டப்ப வேப்பிலை வச்சு விசிறினது நான்தாம்மா. எனக்கு அவன் அண்ணன்மா. நினைச்சாலே உடம்பு கூசுது" என்று அடுப்படியில் வைத்து மகள் அழுதாள். "நான் சொல்றேன்டி உங்கப்பாட்ட" என்றாள் கனி. சொல்லவும் போனாள், ஒரு தடவையா இரண்டு தடவையா. அவள் வாயெடுக்கும்போதெல்லாம் அய்யாத்துரை எழுந்து போய்த் தறியை ஓட விட்டான்.

பங்குனிப் பொங்கல் முடிந்த கையோடு சந்தைத் திடலில் தகரக் கொட்டகை போட்டு இறங்கியது செண்பக விநோத கானசபா. ஊர் ஊராக முகாம் போட்டுப் பாட்டு நாடகம் நடத்துகிறவர்கள். விளக்கு வைத்ததும் மணியடித்து ஆரம்பித்தால், ஊர் சாப்பிட்டுப் படுக்கும் நேரத்துக்கு மங்களம் பாடி அனுப்பிவிடுவார்கள். பூரணத்தாய்க்கு நாடகம் என்றால் உயிர். "குடும்பத்தோட போறோம், சம்பந்தம் பேசினதுக்கு நல்லாயிருக்கும்" என்று உத்தரவு போட்டாள். கனி எலுமிச்சைச் சாதம் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, காராச்சேவுப் பொட்டலமும் தண்ணி கேனும் எடுத்துக்கொள்ள, ஒரு ஷேர் ஆட்டோவில் ஐந்து பேரும் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். பூரணத்தாய் முன்னால், மடியில் ஒரு சரிகைத் துண்டோடு. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம்: நாடகம் பார்க்கப் போகிற குடும்பம் வெறுங்கையோடு போகாது, ராஜா வேஷம் கட்டுகிறவருக்கு மேடையேறித் துண்டு போர்த்தி, மைக்கில் தங்கள் பேரைச் சொல்லக் கேட்டால்தான் அவர்களுக்கு நாடகம் பார்த்த திருப்தி.

அன்றைக்கு 'முத்துப்பந்தல் ராணி'. ராஜா பாடினார், ராணி பாடினாள், ராணி வளர்த்த கிளிகூட ஒரு பாட்டுப் பாடியது. மேடையின் ஓரத்தில், திரைக்குப் பாதி மறைந்து, ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் நடுவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனுஷர் சம்மணம் கூட்டி உட்கார்ந்திருந்தார். ராஜா ஒரு வரியைப் பாடிவிட்டு மூச்சு வாங்கும்போது, அந்த வரி தரையில் விழாமல் இவர் ஏந்திப் பிடித்துத் திருப்பிப் பாடுவார். பின்பாட்டு வேலாயுதம் என்று பெயர். கைதட்டல் எல்லாம் ராஜாவுக்குப் போனது.

"நெசவாளர் காலனி அய்யாத்துரை குடும்பத்தார் பொன்னாடை போர்த்துவார்கள்" என்று மைக்கில் கூப்பிட்ட நேரத்தில் பூரணத்தாய்க்கு உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போயிருந்தது. "ஏ கனி, நீ ஓடு. போய் ராஜாவுக்குப் போட்டுட்டு வா. நேராப் போ, முழிக்காத" என்று துண்டைக் கையில் திணித்து முதுகில் ஒரு தள்ளு. கனி மேடையேறினாள். முகத்தில் அடித்த வெளிச்சத்தில் கண் கூசியது. ராஜாவோ அடுத்த காட்சிக்குக் கிரீடம் மாற்ற உள்ளே போயிருந்தார். மேடையில் பெரிய மனுஷராய்த் தெரிந்தது ஒரே ஒருத்தர்தான், வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு. கனி நேராகப் போய் வேலாயுதத்தின் தோளில் துண்டைப் போர்த்திவிட்டாள்.

கொட்டகையே சிரித்தது. கீழே பூரணத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, போச்சு! குடும்ப மானமே போச்சு! ராஜா யாரு பின்பாட்டு யாருன்னுகூடத் தெரியாத ஜென்மம்!"

வேலாயுதம் மட்டும் சிரிக்கவில்லை. துண்டின் சரிகையைத் தடவிப் பார்த்தார், கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "தாயி, தலை நரைக்கிற வரைக்கும் பாடிட்டேன். என் தோள்ல இதுவரைக்கும் வேர்வைத் துண்டு தவிர எதுவும் விழுந்ததில்ல. அடுத்தவங்க பாட்டு கீழ விழாமத் தாங்குறதுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. இனிமே உங்க பேச்சும் கீழ விழாது, போங்க."

கனிக்கு ஒன்றும் புரியவில்லை, வெட்கம்தான் வந்தது. இறங்கி வந்து எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்துக் கொடுத்தாள். வீடு வந்து சேருகிற வரைக்கும் பூரணத்தாய் திட்டித் தீர்த்தாள்.

மறுநாள் காலையில், நாலு தறியும் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க, கனி எப்போதும் போலக் காப்பியைக் கொண்டுபோய்த் தறிமேடையில் வைத்து, "காப்பி ஆறுது" என்றாள். ஆர்மோனியம் ஒரு சுதி பிடித்தது. மிருதங்கம் இரண்டு தட்டுத் தட்டியது. பிறகு, கூரைக்குக் கீழே எங்கிருந்து என்று சொல்ல முடியாத ஒரு இடத்திலிருந்து, வெண்கலம் மாதிரி ஒரு குரல், "ஆறுது... காப்பி ஆறுது... ஆறுதே... காப்பி ஆறுது..." என்று எடுத்துப் பாடியது. தறிச்சத்தம் அதன் முன்னால் நிற்கவில்லை. அய்யாத்துரை தறியை நிறுத்தினான், வந்தான், குடித்தான்.

"சூடாத்தான இருக்கு?" என்றான். அந்த வீட்டில் அவன் சூடாகக் குடித்த முதல் காப்பி அது.

சத்தம் கேட்டுப் பூரணத்தாய் அடுத்த தெருவிலிருந்து வந்தாள். "காலங்காத்தால யாரு இப்படி டிவிய அலற விட்டது?"

"டிவி ஓடல மதினி" என்றாள் கனி.

"ஓடல... டிவி ஓடல... மதினி... டிவி ஓடல..." என்றது ஆர்மோனியத்தோடு குரல். அய்யாத்துரை அது என்ன என்பது போல மேலே பார்த்தான். கார்த்தீஸ்வரி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், "அம்மா, நேத்து நீங்க துண்டு போட்டீங்கள்ல, அவருதாம்மா இது!" என்றாள். அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை. வேலை கிடந்தது.

காலனி அதைப் பழகிக்கொண்ட விதம்தான் சொல்ல வேண்டியது. முதல் வாரம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் கனியின் பின்னால் திரிந்தன. இரண்டாம் வாரம் அவற்றுக்கு அலுத்துப்போய்ப் பள்ளிக்கூடமே தேவலை என்று போய்விட்டன. டீக்கடைச் சங்குராசு, வருகிறவர்களுக்கெல்லாம் அது என்ன ராகம் என்று விளக்கம் கொடுத்தார். கோயில் நாயனக்காரர் வந்து அது அந்த ராகமே இல்லை என்று சண்டைக்கு நிற்க, இரண்டு பேரும் கனியை வைத்து "ஒரு டீ" என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கடைசிவரை தீர்மானத்துக்கு வராமல், டீ குடித்த சிநேகிதர்கள் ஆனார்கள். பேய் பிடித்திருக்கும் என்று பூரணத்தாய் ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்தாள். கோடாங்கி உடுக்கையை அடித்தார், பின்பாட்டு அதையும் ஒரு பக்கவாத்தியமாகச் சேர்த்துக்கொண்டது, கோடாங்கிக்கு உற்சாகம் பிறந்துவிட, உச்சிவேளை வரைக்கும் ஒரே கச்சேரி. போகும்போது அவர், "பேயுமில்ல பிசாசுமில்ல, நல்ல சாரீரம். அடுத்த வெள்ளிக்கிழமையும் வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு பெண்கள் உபயோகம் கண்டுபிடித்தார்கள். காலனியில் குடிதண்ணீர் வராமல் குழாய் துருப்பிடித்துக் கிடந்தது. மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனவர்கள், ஒரு நாள் கனியைப் பேரூராட்சி ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். கனி சன்னல் பக்கம் நின்று, "தண்ணி வரலங்கய்யா" என்றாள், அவ்வளவுதான். "வரல... தண்ணி வரலங்கய்யா... அய்யா... தண்ணி வரல..." என்று அந்தக் குரல் மாடி, கீழ்த்தளம், வாசல், வெளியே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்க, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க, ஆபீசர் தானே இறங்கி வந்து, "வருதும்மா, வருது, பாட்ட நிறுத்தச் சொல்லுங்க" என்று கும்பிட்டார். தண்ணீர் வந்தது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வரிசையானாலும் சரி, தாலுகா ஆபீசானாலும் சரி, "கனியக்கா, ஒரு வார்த்தை வந்து சொல்லிட்டுப் போங்க" என்று ஆள் வந்துகொண்டே இருந்தது. தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற பெண்கள், கை பாட்டுக்கு நூலில் இருக்க, கனி ஏதாவது சொன்னால் கடைசி வரியைப் பின்பாட்டோடு சேர்ந்து தாங்களும் இழுக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கே தெரியாமல் அது பழகிவிட்டது. சேர்ந்து பாடாத ஒரே ஆள் அய்யாத்துரை. அவன் கோயில் பஜனையிலேயே உதட்டை மட்டும் அசைக்கிறவன்.

கனியிடமும் ஒரு மாற்றம் வந்தது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. பின்பாட்டுக்குக் கடைசி வார்த்தைதான் முக்கியம். அதை அவள் முழுங்கிவிட்டால் ஆர்மோனியம் சுதியைப் பிடித்துக்கொண்டு ஙொய்யென்று காத்து நிற்கும், மிருதங்கம் பொறுமையில்லாமல் தட்டும். அது பெரிய மானக்கேடாக இருந்ததால், கனி பேச ஆரம்பித்ததைப் பேசி முடிக்கப் பழகிக்கொண்டாள்.

இரண்டு விஷயங்களைக் காலனி கண்டுபிடித்துச் சொன்னது. ஒன்று, மனசில் இல்லாததைக் கனி சொன்னால் பின்பாட்டு வராது. இது தெரிந்தது எதிர்வீட்டு வேலம்மாளின் புதுச் சேலையால். "எப்படிக்கா இருக்கு?" என்று அவள் சுற்றிக் காட்ட, "நல்லாருக்கு" என்று கனி சொல்ல, ஆர்மோனியம் மூச்சுவிடவில்லை. வேலம்மாள் சேலையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டாள். அதிலிருந்து குழம்பு எப்படி, பிள்ளை யார் சாடை என்றெல்லாம் கனியிடம் யாரும் கேட்பதில்லை. இன்னொன்று, கானசபா எந்த ஊருக்குப் போனாலும் பகலெல்லாம் பின்பாட்டு வரும். விளக்கு வைத்துவிட்டால் நின்றுவிடும். அந்த நேரத்தில் வேலாயுதம் எங்கேயோ ஒரு மேடையில் ராஜாவின் பாட்டைத் தாங்கிக்கொண்டிருப்பார், அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே. அப்போது கனிக்கு மிஞ்சுவது பழைய கொசுக் குரல்தான்.

இவ்வளவு கிடைத்தும் அவள் நெஞ்சிலிருந்த கல் அப்படியே இருந்தது. தண்ணீருக்காகப் பேசிவிடலாம், மகளுக்காக எப்படிப் பேசுவது? பகலில் அவள் புருஷனிடம் ஒரு வார்த்தை ரகசியம் பேச முடியாது. "இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று காதோடு சொன்னாலும் அது ராகம் போட்டு ஏழு தெருவுக்குக் கேட்கும், தூக்கி வளர்த்த அக்காவைத் தெருவில் வைத்துச் சிரிக்க வைத்தாள் என்று பேர் வரும், அய்யாத்துரை வெளியில் தலைகாட்ட மாட்டான். அவன் முகம் சுருங்குவதைக் கனியால் தாங்க முடியாது, அவள் அவன்மேல் அவ்வளவு பிரியம் வைத்திருந்தாள். அதனால் பின்பாட்டு நின்றுவிட்ட ஒரு சாயங்காலம், தறியை நிறுத்தி அவன் கைகால் கழுவும்போது, துண்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, கார்த்திக்கு இதுல இஷ்டமில்லங்க. அவன அண்ணனாத்தான் நினைக்கிறா. எனக்கும் இஷ்டமில்ல."

இந்தத் தடவை ஓட விடத் தறி இல்லை. அய்யாத்துரை முகத்தைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "எனக்குத் தெரியாதா கனி? அக்காட்ட நான் எப்படிச் சொல்ல? அவ வாயைப் பார்த்தா எனக்கு இன்னமும் கால்சட்டை போட்ட மாதிரி இருக்கு."

"அப்ப நம்ம பிள்ள?"

அவன் துண்டை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அந்தச் சாதிசனத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் பேசி முடித்தாலும், சபையில் பெரியவர் கேட்டு, பெண்ணைப் பெற்றவள் தன் வாயால் 'சம்மதம்' என்று சொன்னால்தான் தட்டு மாறும். அந்த ஒரு கேள்விக்குத்தான் கனி காத்திருந்தாள். கேட்டால் சொல்வேன், சபையில் வைத்துக் கேட்டபிறகு சொல்வது அவமானப்படுத்துவது ஆகாது, பதில் சொல்வதாகும் என்று மனசைத் தயார்பண்ணி வைத்திருந்தாள்.

பூரணத்தாய் என்ன லேசுப்பட்டவளா? தம்பி பெண்டாட்டி முகத்தைப் பார்த்தே மனசைப் படித்துவிடுகிறவள். பகலில் கேட்டால் இவள் சொல்கிற "இல்லை"யைப் பின்பாட்டு பாடிக் கெடுத்துவிடும் என்று தெரியும். "ஜோசியர் கோதூளி நேரம்னு குறிச்சுட்டாரு. மாடு வீடு திரும்புற நேரம், ரொம்ப விசேஷம்" என்று வந்து சொன்னாள். விளக்கு வைக்கும் நேரம். கனிக்குப் புரிந்தது, தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றைக்குக் காலையிலிருந்தே பூரணத்தாய் வந்து உட்கார்ந்துவிட்டாள். கனி வாயெடுத்தால், "நீ பேசாத, தொண்டை கட்டிக்கும், சபையில பேசணும்ல" என்று ஒரு பனங்கற்கண்டை வாயில் போட்டாள். விசேஷ வீட்டுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று தெருவில் அத்தனை தறியையும் நிறுத்தச் சொன்னாள். சாத்தூரிலிருந்தும் திருத்தங்கலிலிருந்தும் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். பின்பாட்டுச் சமாச்சாரத்தைக் கேள்விப்பட்டு, "பொய் சொன்னா வராதாமே" என்று ஆவலாக இருந்தார்கள். அது விளக்கு வைத்தால் நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது, பூரணத்தாயும் சொல்லவில்லை.

பந்தலில் விளக்கேற்றினார்கள். வெற்றிலை பாக்குத் தட்டைக் கையில் ஏந்தி அய்யாத்துரை உட்கார்ந்திருந்தான், எதிரில் தட்டோடு பூரணத்தாய், பக்கத்தில் பட்டுச்சட்டையில் ஜெயமுருகன், கூடையில் அடைத்த கோழி மாதிரி முழித்துக்கொண்டு. உள்கதவுக்குப் பின்னால் கார்த்தீஸ்வரியின் வளையல் சத்தம் கேட்டது. தெருப் பெண்கள் எல்லாம் பந்தல் ஓரத்தில் நின்றார்கள். பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"பெத்தவ சொல்லும்மா. எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லு. சம்மதந்தானே?"

கனி எழுந்து நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எம் மகளுக்கு இந்தப் பிள்ள அண்ணன் மாதிரிங்கய்யா. அவளுக்கும் சம்மதமில்ல, எனக்கும் சம்மதமில்ல" என்றாள், கடைசி எழுத்து வரைக்கும் முழுங்காமல். தறிச்சத்தம் இல்லாத தெருவில் அந்தக் கொசுக் குரல் எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் கழுத்தைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்கள். ஆர்மோனியம் வரவில்லை, மிருதங்கம் வரவில்லை, பந்தலில் தொங்கிய வாழைப்பூகூட அசையவில்லை.

பூரணத்தாய் சிரித்தாள். "பாத்துக்கிட்டீங்களா சனங்களே? ஆர்மோனியமே ஒத்துக்கல. மக பிரிஞ்சு போறாளேங்கிற ஆத்தாமைல சும்மா சொல்றா. மனசுக்குள்ள சம்மதந்தான். தம்பி, தட்ட மாத்து."

வந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். தெருப் பெண்களுக்கு விஷயம் தெரியும், வேலம்மாள், "இது நாடக நேரம்..." என்று ஆரம்பித்தாள், பூரணத்தாய் முறைத்த முறைப்பில் நிறுத்திக்கொண்டாள். கனி அப்படியே நின்றாள். அவள் பெரியவரைப் பார்க்கவில்லை, மதினியைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த தட்டு சாய்ந்து, ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு கீழே போனது.

அய்யாத்துரை தட்டைத் தரையில் வைத்தான். வாயைத் திறந்தான், மூடினான். பிறகு, எண்ணெய் போடாத தறி கிறீச்சிடுகிற மாதிரி, எந்தச் சுதியிலும் சேராத ஒரு குரலில், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பாடினான்:

"சம்மதமில்ல... எனக்கும் சம்மதமில்ல... சம்மதமில்ல..."

அவன் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று அவனுக்குத் தெரியும். இரண்டாவது தடவை அவன் அந்த வரியைப் பாடி மூச்சு வாங்கியபோது, அது தரையில் விழவில்லை. பந்தல் ஓரத்தில் தார் சுற்றுகிற பெண்கள், எத்தனையோ பகல் பழகிய பழக்கத்தில், அவர்களை அறியாமலே ஏந்திப் பிடித்தார்கள். "சம்மதமில்ல... மகளுக்கும் சம்மதமில்ல..." வேலம்மாள் குரல் மேலே போனது, டீக்கடைச் சங்குராசு கீழ்ச்சுதியில் சேர்ந்தார், உள்ளேயிருந்து வளையல் சத்தத்தோடு கார்த்தீஸ்வரி பாடினாள். டங் டங் டங் என்று எங்கிருந்தோ தாளம் வந்தது. பார்த்தால் மாப்பிள்ளை ஜெயமுருகன், சந்தனக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், நீயுமாடா?" என்றாள் பூரணத்தாய்.

"அவ எனக்குத் தங்கச்சிம்மா" என்றான், தாளத்தை விடாமல். "உங்ககிட்ட யாரும்மா சொல்றது?"

பூரணத்தாய் மகனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். தம்பி இன்னும் கண்ணைத் திறக்காமல் பாடிக்கொண்டிருந்தான், நெற்றி நரம்பு புடைத்து, கன்னத்தில் தண்ணீர் ஓட. பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் இவனை வரிசையிலிருந்து வெளியே நிறுத்திவிட, அழுதுகொண்டு வந்தவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது அவளுக்கு ஞாபகம் வந்ததோ என்னமோ, தட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

"சுதியே சேரலையேடா, பாவி" என்றாள். "எங்கூட இத்தன வருசம் இருந்தும் ஒனக்கு ஒரு பாட்டு வரலையேடா."

பெரியவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "பெத்தவ சொல்லிட்டா. பெத்தவனும் பாடிட்டான். தட்டு மாறாது. கொண்டுவந்த பழம் அழுகிப்போகும், எடுத்துச் சாப்பிடுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். பந்தி போட்டார்கள், வடை பாயசத்தோடு. பூரணத்தாய் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கனி இலை போட்டுவிட்டு, பின்னால் போய் நின்றாள். தோளைத் தொடக் கை போனது, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"மதினி, சாப்பிட வாங்க" என்றாள், சாதாரணமாக.

பூரணத்தாய்க்குக் கேட்டது. கொஞ்ச நேரம் பிகு பண்ணினாள், பிறகு எழுந்து வந்து உட்கார்ந்து, "பாயசத்துல ஏலக்காய் பத்தல" என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் காலையில் நாலு தறியும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. கனி காப்பியைக் கொண்டுவந்து தறிமேடையில் வைத்து, "காப்பி ஆறுது" என்றாள். கூரைக்குக் கீழே ஆர்மோனியம் வழக்கம்போலச் சுதி பிடித்தது, மிருதங்கம் இரண்டு தட்டுத் தட்டியது. வேலாயுதம் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. ஆனால் அவர் பாடுவதற்குள், நூல் முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்த அய்யாத்துரை அதைத் துப்பிவிட்டு, "ஆறுது... காப்பி ஆறுது..." என்று கரகரவென்று எடுத்துவிட்டான். ஆர்மோனியம் திகைத்து நின்றது. ஒரு கட்டை இறங்கிப் பார்த்தது, அரைக் கட்டை ஏறிப் பார்த்தது, எங்கே தேடியும் அந்தச் சுதி அதன் கட்டைகளில் இல்லை. கடைசியில் அது தன் சுதியை விட்டுக்கொடுத்து, அவன் போன வழியே பின்னால் போனது.

கனி சிரித்துக்கொண்டே காப்பியை எடுத்து நீட்டினாள். அய்யாத்துரை தறியை நிறுத்திவிட்டு வந்து, அவள் கையிலிருந்தே காப்பியை வாங்கிக் குடித்தான்.